எதுவும் அடிக்காத அறை

எங்கள் சந்தில் அவளுக்கு மூக்கு என்று பெயர். வைத்தது நான்தான். அவள் காதில் விழக் கூடாது என்றுதான் நினைத்தேன். ஆனால் எனக்கு எதையும் மெதுவாகச் சொல்லிப் பழக்கமில்லை. அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. "அப்ப உங்களுக்குக் காதுன்னு வச்சுடலாம், எதிர்வீட்டக்கா" என்றாள். அத்தோடு சமாதானம்.

அவள் வாசலும் என் வாசலும் எதிரும் புதிருமாக, நடுவில் நாலடி நடை. என் வீட்டுக்காரர் பேப்பரை விரித்தால் வீடு தீப்பிடித்தாலும் நிமிர மாட்டார். ஆகவே எனக்கு ஊர் உலகம் எல்லாமே அந்த நாலடியில்தான் நடக்கும். அவள் யாரோடு பேசுகிறாள், எத்தனை மணிக்கு விளக்கை அணைக்கிறாள், எந்தக் கடைக்காரனோடு சண்டை, எல்லாம் எனக்கு அத்துபடி. புருஷன் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம், பிள்ளை குட்டி கிடையாது. துணிப்பை தைத்துக் கொடுக்கிறாள். புதுத் துணி மட்டும்தான் தொடுவாள். யாராவது பழைய சட்டையைக் கொண்டுவந்து "பட்டன் மட்டும் வச்சுக் குடும்மா" என்று நீட்டினால், "துவைச்சதா?" என்பாள். "நல்லாத் துவைச்சதும்மா, மணக்க மணக்க" என்று பதில் வந்தால் கதவு சாத்திக்கொள்ளும்.

அவளுக்கு வாசனை ஆகாது. பூ வாசனை ஆகும், எண்ணெய் கொதிக்கிற வாசனை ஆகும், சாக்கடைகூட ஆகும். பாட்டிலில் அடைத்து வருகிற வாசனை எதுவும் ஆகாது. சென்ட், பவுடர், தரை துடைக்கிற திரவம், துணியில் கடைசியாக ஊற்றி அலசுகிற நீலத் தண்ணீர், இவற்றில் ஏதாவது ஒன்று கிட்டே வந்தால் முதலில் கண் சிவக்கும், அப்புறம் இருமல், அப்புறம் தொண்டை யாரோ கயிறு போட்டு இறுக்குகிற மாதிரி ஆகிவிடும். ஒன்பது வருஷம் ஒரு பெரிய ஹோட்டலின் சலவைக்கூடத்தில் வேலை பார்த்தவள். பூமிக்குக் கீழே, ஜன்னல் இல்லாத தளத்தில், நாளுக்கு நானூறு படுக்கை விரிப்பு மடித்திருக்கிறாள். அந்த நீலத் தண்ணீரை நெஞ்சு நிறைய வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். அது போகவே இல்லை.

நான் நம்பவில்லை என்று சொன்னால் பொய். முக்கால் பங்கு நம்பினேன். மீதிக் கால் பங்கைத் தீர்த்துக்கொள்ள ஒருநாள் கழுத்தில் லேசாக சென்ட் தடவிக்கொண்டு அவள் வாசலில் போய் நின்றேன். கதவைத் தட்டவில்லை, கூப்பிடவில்லை. உள்ளே தையல் மெஷின் நின்றது. இருமல் ஆரம்பித்தது. "யாரு, எதிர்வீட்டக்காவா? இன்னைக்கு என்ன விசேஷம்?" என்று இருமலுக்கு நடுவே குரல் வந்தது. அன்றிலிருந்து முழுசாக நம்பினேன். இரண்டு நாள் அவள் தைக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவளுக்கு ஓர் அக்கா. பத்து வயது மூத்தவள், அம்மா ஸ்தானத்தில் இருந்து வளர்த்தவள். ரயிலில் ஓர் இரவு தூரத்தில் இருந்தாள். அந்த அக்கா மகனின் கல்யாணத்துக்கு மூக்கு போகவில்லை. மண்டபத்தில் பன்னீர் தெளிக்கிற மெஷின் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பாதி வழியில் திரும்பிவிட்டாள். அக்கா புருஷன் செத்ததற்குப் போய்த் தெருமுனையிலேயே நின்றுவிட்டு வந்தாள். அக்கா மட்டும் ஒன்றும் சொல்ல மாட்டாள். அவள் மகன்தான் சொல்வான். போனில் அவன் பேசுவது எனக்கு இந்தப் பக்கத்துச் சுவர் வரை கேட்கும்.

"சித்தி, எல்லாம் உங்க மனசுதான். மனசைத் தைரியமா வச்சுக்கிட்டா மூக்கு தானா சரியாயிடும்."

"சரிப்பா."

"எங்க வீட்ல எல்லாரும் அதே காத்தைத்தான் சுவாசிக்கிறோம். நாங்க செத்தா போயிட்டோம்?"

"இல்லப்பா."

அந்த அக்காதான் இப்போது ஐ.சி.யூ.வில் கிடந்தாள். ஈரலில் ஆரம்பித்து எங்கெங்கோ போய்விட்டதாம். டாக்டர் நாளை எண்ணிச் சொல்லவில்லை, கையை மட்டும் விரித்தார் என்று மகன் சொன்னான். காலையில் மட்டும் நினைவு தெளிவாக இருக்கிறது, பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரை ஒரே ஒருவரை உள்ளே விடுகிறார்கள். "வந்தா வாங்க. அம்மாகிட்ட நான் எதுவும் சொல்லல. சொல்லி, நீங்க வராமப் போயிட்டா அதுக்கும் நான்தான் சமாதானம் சொல்லணும்."

போனை வைத்துவிட்டு மூக்கு நடையில் வந்து உட்கார்ந்தாள். நான் கீரை ஆய்கிற சாக்கில் ஏற்கனவே அங்கேதான் இருந்தேன்.

"இந்தத் தடவை போகணும் எதிர்வீட்டக்கா. போனேன்னு அவ கண்ணால பார்க்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்."

"போயேன். யார் தடுத்தா?"

"எங்க தங்கறது?"

அதுதான் கேள்வி. அக்கா வீட்டில் தங்க முடியாது. மருமகள் ஒவ்வொரு அறையிலும் பிளக்கில் ஒரு வாசனை டப்பா சொருகி வைத்திருப்பவள், மூன்று நாள் கழற்றி வைக்கச் சொன்னதற்கு, "எங்க வீடு நாறுதுன்னு சொல்றாங்களா?" என்று கேட்டு ஒருவாரம் அழுதாள் என்று தகவல். ஆஸ்பத்திரியில் இரவு தங்க இடமில்லை. லாட்ஜ்தான் பார்க்க வேண்டும்.

நான் இத்தனை நாள் வாழ்ந்ததில் அந்த மூன்று நாளில் கேட்ட மாதிரி வேடிக்கையான போன் பேச்சு கேட்டதில்லை. ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு ஒவ்வொரு லாட்ஜாகக் கூப்பிட்டாள். சலவைக்கூடத்து ஆள் அல்லவா, கேள்வியெல்லாம் சுருக்கென்று இருக்கும்.

"தலையணை உறையைக் கடைசியா அலசும்போது என்ன ஊத்தறீங்க?"

"மேடம், நீங்க எந்த சோப்புக் கம்பெனி? நாங்க மாத்தற மாதிரி இல்ல."

இன்னொரு இடத்தில் ஒரு பெண் தேன் குரலில் பேசினாள். "ரூம் ஸ்பிரே அடிப்பீங்களா?" என்று இவள் கேட்டதும், "கண்டிப்பா மேடம்! லாவெண்டர் இருக்கு, லெமன் இருக்கு, கடல் காத்துன்னு புதுசா வந்திருக்கு. உங்களுக்கு எது?"

"எதுவுமே வேண்டாம். அப்படி ஒரு ரூம் இருக்கா?"

"மேடம், எங்ககிட்ட அந்த மாதிரி ரூம் கிடையாது. இது ஃபேமிலி ஹோட்டல்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள். பதினேழாவது போனில் சிரிப்பு நின்றுவிட்டது. ஒருவன் சரி என்றான், பத்து நிமிஷம் கழித்து அவனே கூப்பிட்டு, "மெஷின்ல தானா வருது மேடம், காரிடார் முழுக்க. நிறுத்தினா மத்தவங்க புகார் பண்ணுவாங்க" என்றான். ஒருவன் டாக்டர் சீட்டு கேட்டான். ஒருவன், "இது தொத்துமா?" என்று கேட்டான்.

மூன்றாம் நாள் கிடைத்தது. சரக்கு ரயில் நிற்கிற யார்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜ். எடுத்தவர் மேனேஜர், குரலிலேயே தூக்கம்.

"ஸ்பிரேயா? இங்க ஃபேன் சுத்தறதே யோசிச்சுத்தான் சுத்தும்மா."

"விரிப்பு?"

"பார் சோப்பு. மொட்டை மாடியில காயும்."

"பாத்ரூம்?"

"பிளீச்சிங் பவுடர் போடுவோம். போடணும். சில வாரம் மறந்துடும்."

மூக்கின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பிளீச்சிங் பவுடர் அவளுக்கு ஒன்றும் செய்யாது. "ஐயா, எனக்காக எதையும் மாத்தாதீங்க. நான் வர்றதுக்கு முன்னால கூட்டக்கூட வேண்டாம். அப்படியே விட்டுடுங்க."

"இருபது வருஷமா இந்த நாற்காலியில உட்கார்ந்திருக்கேன். நீங்க கேட்டதையெல்லாம் சொல்லித் திட்டிட்டுப் போனவங்க உண்டு. வேணும்னு கேட்டு வர்றது நீங்கதாம்மா. எட்டாம் நம்பர் ரூம். 'தொடாதே'ன்னு எழுதி வச்சுடறேன்."

துணைக்கு ஆள் வேண்டியிருந்தது. மூச்சு முட்டினால் பையிலிருந்து மருந்தை எடுத்துக் கொடுக்க, எங்கே நுழைவதற்கு முன்னாலும் முதலில் போய் மோந்து பார்த்துச் சொல்ல. சந்தில் நாலு பேரைக் கேட்டாள். ஒரு வாரம் பவுடர், ஷாம்பூ, சென்ட் சோப்பு எதுவும் தொடக் கூடாது, துணியெல்லாம் வெறும் சோப்பில் மூன்று தடவை அலச வேண்டும் என்றதும் நாலு பேருக்கும் நாலு வேலை வந்துவிட்டது. நான் ஒத்துக்கொண்டேன். இரக்கம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அந்த மருமகளை நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆவல் எனக்கு எத்தனை வருஷமாக இருந்தது என்று எனக்குத்தான் தெரியும்.

இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும்.

கிளம்புவதற்கு முதல் நாள் மத்தியானம், அவள் மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். லாட்ஜ் நம்பரை எழுதிய சீட்டு என்னிடமும் ஒன்று இருந்தது. எனக்கு இரண்டு நாளாகவே மனசு சரியில்லை. கூட்டாத அறை, மறந்துபோன பிளீச்சிங் பவுடர், அதில் அவளுக்கு மூச்சு வரும், எனக்கு மூட்டைப்பூச்சி வரும். படுக்கப்போவது அவள் மட்டுமா? எனக்கும் அதே கட்டில்தானே? கொஞ்சம் பெருக்கி, தண்ணீர் விட்டுத் துடைத்து, மெத்தையை வெயிலில் போட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? ஆனால் சும்மா சொன்னால் அந்த மனுஷன் நகர மாட்டான். அவன் குரலைக் கேட்டவள் நான்.

"எட்டாம் நம்பருக்கு வர்றவங்க யாருன்னு தெரியுமா உங்களுக்கு?" என்று ஆரம்பித்தேன்.

"யாரும்மா?"

"லாட்ஜுக்கெல்லாம் லைசன்ஸ் புதுப்பிக்கிற ஆபீஸ்ல இருந்து வர்றாங்க. வெளியில சொல்லிக்க மாட்டாங்க. கூட்ட வேண்டாம், துடைக்க வேண்டாம்னு சொன்னாங்கல்ல? அது உங்களைச் சோதிக்கிறதுக்கு. நீங்க நல்லவரா இருக்கீங்களேன்னு சொல்றேன். நான் சொன்னேன்னு காட்டிக்காதீங்க."

அந்தப் பக்கம் நாற்காலி தள்ளுகிற சத்தம் கேட்டது. இருபது வருஷத்தில் முதல் தடவை எழுந்திருக்கிறார் போல என்று எனக்குள் சிரித்துக்கொண்டேன். ஸ்பிரே என்ற வார்த்தையை நான் எடுக்கவே இல்லை. இதை அப்புறம் எத்தனையோ தடவை எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ரயிலில் அவள் ஜன்னல் ஓரம், முகத்தில் மாஸ்க், மடியில் அவளுடைய சொந்த விரிப்பும் தலையணையும். தூங்கவில்லை. அக்காவுக்கு என்ன சொல்வது என்று என்னிடம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள். "ஒண்ணும் பேச வேண்டாம். கையைப் பிடிச்சுக்கிட்டா போதும். வந்துட்டேன்கான்னு மட்டும் சொல்லுவேன்."

காலை ஏழு மணிக்கு இறங்கினோம். டாக்ஸியில் தொங்குகிற வாசனை அட்டைக்குப் பயந்து நடந்தே போனோம். லாட்ஜ் வாசலுக்கு எதிர்ப்பக்கம் அவள் நின்றாள், பை காலடியில். "நீங்க போய்ப் பார்த்துட்டு வாங்க."

வாசலில் புது மிதியடி. மேனேஜர் சட்டை பட்டன் எல்லாம் போட்டு, தலையைப் படிய வாரி, கைகட்டி நின்றார். எட்டாம் நம்பரைத் திறந்துவிட்டார். மெத்தை புதுசு. திரை புதுசு. தரை மின்னியது. மேஜை மேல், ஜன்னல் மேல், கட்டிலுக்குக் கீழே என்று மூன்று வாசனை டப்பா. கதவைத் திறந்த வேகத்தில் ரோஜா மாதிரி ஒன்று வந்து முகத்தில் அறைந்தது.

"ராத்திரியும் அடிச்சோம், விடியக்காலையிலும் அடிச்சோம்மா. ஒரு பொட்டு நாத்தம் இருக்காது. மேடம் என்ன சொல்லுவாங்க?"

அப்போதே வெளியே போய், "வேண்டாம், வா, வேற பார்ப்போம்" என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், ஏன் என்று கேட்பாள். கேட்டால் இந்த ஆள் வாயைத் திறப்பான். அதனால் நான் ஜன்னல்களைத் திறந்தேன். மூன்று டப்பாவையும் பின்பக்கம் தூக்கி எறிந்தேன். விரிப்பை உருவிச் சுருட்டி வெளியே போட்டேன். ஃபேனை முழு வேகத்தில் வைத்தேன். மேனேஜர் ஒன்றும் புரியாமல் என் பின்னாலேயே வந்தார். அரைமணி நேரம் அந்த அறையிலேயே நின்று மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். கடைசியில் எனக்கு ஒரு வாசனையும் தெரியவில்லை. சத்தியமாகத் தெரியவில்லை. என் மூக்கு அந்த மாதிரி மூக்கு. எதில் விட்டாலும் அரைமணியில் பழகிவிடும்.

வெளியே வந்தேன். "இவ்வளவு நேரமா?" என்றாள்.

"கொஞ்சம் அடைசலா இருந்துச்சு. ஜன்னலைத் திறந்து வச்சேன். இப்ப ஒண்ணும் இல்ல, வா."

என்னை ஒரு தடவை பார்த்தாள். மணி எட்டரை. பதினொன்றுக்கு ஐ.சி.யூ. ரயிலழுக்கோடு உள்ளே விட மாட்டார்கள், குளிக்க வேண்டும். வந்தாள். அறைக்குள் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை, மாற்றுத்துணியை எடுத்துக்கொண்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நேராக பாத்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

பாத்ரூமை நான் பார்க்கவே இல்லை.

அங்கே ஜன்னல் கிடையாது. சுவரில் இரண்டு வாசனைக் கட்டி, தொட்டியில் ஒன்று, தரையெல்லாம் திரவம். வெந்நீர் திறந்ததும் எல்லாம் ஆவியாகி எழுந்திருக்கும். வாளி உருளுகிற சத்தம் கேட்டது. "என்னடி?" என்றேன். தாழ்ப்பாளைத் தடவுகிற சத்தம் மட்டும் வந்தது, பிடி கிடைக்காமல், மறுபடி மறுபடி.

மேனேஜர் தோளால் இடித்துத் திறந்தார். பாதி ஈரமாக, ஒரு துண்டோடு, முகம் சாம்பல் நிறமாகக் கிடந்தாள். இழுத்து வெளியே தெருவுக்குக் கொண்டுவந்தோம். மருந்தை வாயில் அடித்தேன், ஒரு தடவை, இரண்டு, நாலு. நெஞ்சு உள்ளே போகிறது, வெளியே வரவில்லை. மேனேஜர் அழ ஆரம்பித்துவிட்டார்.

"நான் என்னம்மா பண்ணுவேன்! இவங்கதாம்மா போன்ல சொன்னாங்க, நீங்க ஆபீசர், நல்லா வச்சிருன்னு. இவங்க குரல்தாம்மா அது!"

அவள் கண் திறந்துதான் இருந்தது. என்னைப் பார்த்ததா, வானத்தைப் பார்த்ததா என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

டாக்ஸியில் தொங்கிய அட்டையைப் பிய்த்து எறிந்துவிட்டு, அக்கா இருக்கிற அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனேன். அவசரப் பிரிவில் முகத்தில் குழாய் வைத்து மருந்துப் புகை விட்டார்கள், கையில் ஊசி ஏற்றினார்கள். நாலு மாடிக்கு மேலே அக்கா, கீழே தங்கச்சி. மணி பத்தே முக்கால். அவளால் பேச முடியவில்லை. சுவர்க் கடிகாரத்தைக் காட்டினாள். எழுந்திருக்கப் பார்த்தாள், நர்ஸ் தோளைப் பிடித்து அழுத்தினாள். "இப்ப எந்திரிச்சீங்கன்னா உங்களுக்கும் மேல ஒரு பெட் போடணும், படுங்கம்மா."

மருந்துப் பையைக் காட்டினாள். அதில் ஐ.சி.யூ. பாஸ். மகன் கவுன்டரில் கொடுத்துவைத்திருந்ததை வரும்போதே வாங்கி வைத்திருந்தேன். என் கையில் திணித்து, குழாயை ஒரு நொடி விலக்கிவிட்டுச் சொன்னாள். "கீழ இருக்கேன்னு சொல்லுங்க. வந்துட்டா, கீழ இருக்கான்னு. அது போதும்."

அவ்வளவுதான் எனக்குச் சொன்ன வேலை. இரண்டு வார்த்தை.

நாலாவது மாடியில் காவலாளி பாஸை வாங்கி இரண்டாகக் கிழித்து டப்பாவில் போட்டான். ஒரு நாளைக்கு ஒரு பாஸ், ஒரு ஆள். அது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அக்காவைப் போனில் கேட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. கட்டிலில் பாதி இடம் காலியாக இருந்தது, அவ்வளவு வற்றிப் போயிருந்தாள். கண்ணில் பால் மாதிரி ஒரு படலம். நான் பக்கத்தில் போய் நின்றதும் உதடு அசைந்தது.

"வந்துட்டியா?"

சொல்ல வந்ததைச் சொல்லியிருக்கலாம். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தபோது, கீழே இருக்கிறாள், மூச்சு முட்டிக் கிடக்கிறாள் என்று சொல்லி அதை ஏன் அணைக்க வேண்டும் என்று தோன்றியது. பார்வைதான் இல்லையே, என்ன தெரியப்போகிறது? குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வந்துட்டேன்கா" என்றேன்.

கையை நீட்டினாள். பிடித்துக்கொண்டேன். என் கையை மெதுவாக இழுத்துத் தன் முகத்தோடு வைத்துக்கொண்டாள். மூச்சை இழுத்தாள். இன்னொரு தடவை இழுத்தாள். அந்த முகத்தில் இருந்தது போய்விட்டது.

"நீ அவ இல்ல."

"அக்கா..."

"பவுடர் வாசனை அடிக்குது. அவகிட்ட ஒரு வாசனையும் இருக்காது." கையை விட்டாள். "யாரு நீ?"

"எதிர்வீட்டுக்காரி. அவ கீழதான் இருக்கா. சத்தியமா கீழ இருக்கா, அவளுக்கு மூச்சு..."

"என் மகன் அனுப்பினானா?"

"இல்ல, அவதான்..."

"பரவாயில்ல." என்மேல் கோபம்கூட இல்லை. "அவளால வர முடியாது. எனக்குத் தெரியும். பொய் சொல்ல வேண்டாம்னு அவன்கிட்ட சொல்லு."

முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் பன்னிரண்டு மணி வரைக்கும் நின்றேன். கீழே இருக்கிறாள், கீழே இருக்கிறாள் என்று விதவிதமாகச் சொன்னேன். என் ஆயுசில் நான் சொன்ன ஒரு உண்மையை இத்தனை பாடுபட்டு விற்றதில்லை. ஒன்றும் எடுபடவில்லை.

நாலு மணிக்கு மூக்கைச் சக்கர நாற்காலியில் வைத்து மேலே கொண்டுபோனேன். காவலாளி பாஸ் கேட்டான். காலையில் கிழித்தது நினைவுக்கு வந்தது. கெஞ்சினேன், சத்தம் போட்டேன், அவனுடைய மேலதிகாரியைக் கூப்பிட்டேன். "நாளைக்குப் பதினொரு மணிக்கு வாங்கம்மா. எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்." கதவில் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது. அவள் நாற்காலியிலிருந்து எழுந்து அதில் முகத்தை வைத்துப் பார்த்தாள். திரை போட்டிருந்தார்கள்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அக்கா போய்விட்டாள்.

வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அந்த மருமகளைப் பார்த்தேன். சாதாரணப் பெண், அழுது கண் வீங்கியிருந்தது. அக்கா உடம்பு மேல் மூன்று பாட்டில் சென்ட் ஊற்றியிருந்தாள், அவளுக்குத் தெரிந்த மரியாதை அது. மூக்கு தெருவுக்கு எதிர்ப்பக்கம், மாஸ்க்குக்கு மேல் இன்னொரு மாஸ்க் போட்டுக்கொண்டு நின்றாள். வண்டி கிளம்பும்போது மகன் அவளிடம் வந்தான்.

"விடியக்காலையில கடைசி நேரம்னு என்னை உள்ள விட்டாங்க, அப்ப அம்மா என்கிட்ட என்ன கேட்டாங்க தெரியுமா சித்தி? ஏன்டா யாரையோ அனுப்பி அவ வந்துட்டான்னு சொல்ல வச்சேன்னு கேட்டாங்க. எனக்கு ஒண்ணுமே புரியல."

"நான் கீழதான்பா இருந்தேன்."

"இருந்திருப்பீங்க." அவன் போய்விட்டான்.

திரும்புகிற ரயில் பகல் வண்டி. எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். முந்தின ராத்திரி அவள் அவசரப் பிரிவிலேயே கிடந்தாள், லாட்ஜுக்கு நான் மட்டும் போய்த் துணிமணிப் பையை எடுத்து வந்திருந்தேன். மேனேஜர் என் முகத்தைப் பார்க்கவில்லை. மூன்று ஸ்டேஷன் வரை அவள் பேசவில்லை. நானும் பேசவில்லை, என் வீட்டுக்காரர் பார்த்திருந்தால் டாக்டரைக் கூப்பிட்டிருப்பார். அக்கா சொன்னதாகச் சொல்வதற்கு நல்ல வாசகமாக நாலைந்து என்னிடம் தயாராக இருந்தன. தங்கச்சியைப் பத்திரமாகப் பார்த்துக்கொள், அவள் வந்ததே போதும், இந்த மாதிரி.

"அவ என்ன சொன்னா?" என்று கேட்டாள். நான் வாயைத் திறந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள். "ஜோடிச்சுச் சொல்லாதீங்க. போன் பண்ணினீங்கன்னு தெரியும். அந்த மனுஷன் சொன்னது என் காதுல விழுந்துச்சு. அதைக் கேட்கல. அக்கா என்ன சொன்னா?"

சொன்னேன். வந்துட்டியா என்று கேட்டது, நான் வந்துட்டேன்கா என்று சொன்னது, கையை மோந்தது, எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றும் சேர்க்கவில்லை, ஒன்றும் விடவில்லை. அதற்கு அரைமணி நேரம் ஆனது.

"பவுடரா? நீங்கதான் ஒரு வாரமா போடலையே."

"அந்த ரூம்ல இருந்தது. அரைமணி நேரம் உள்ளேயே நின்னேன்ல, ஒட்டிக்கிச்சு போல. எனக்குத் தெரியல."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே வெயில். ஏதோ ஒரு ஸ்டேஷனில் வண்டி நிற்காமல் போயிற்று.

"என்ன வாசனை அது?"

"எது?"

"அக்கா மோந்தது."

"ரோஜா" என்றேன். பிறகு, "ரோஜா மாதிரி" என்றேன்.

தலையை ஆட்டினாள். கழுத்தில் தொங்கிய மாஸ்க்கை எடுத்து மறுபடி முகத்தில் மாட்டினாள். இரண்டு காதிலும் சரியாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"கொஞ்சம் தள்ளிப் போய் உட்காருங்க. உங்க சேலையில இன்னும் இருக்கு."

நான் எழுந்து போய், பெட்டியின் அந்தக் கடைசியில், கதவுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டேன். இன்னும் ஏழு மணி நேரம் இருந்தது.